வெள்ளீயக் கோபுரம்

ஸ்டோர்ஸ் மூலையில் சிவப்புக் கயிறு கட்டிய அன்றைக்கு, அந்தச் சரக்கு கெட்டுப்போய்விட்டது என்றுதான் பாஞ்சாலி நினைத்தாள்.

ஒரகடத்தில் அவள் வேலை செய்த கம்பெனி, வாஷிங் மெஷினுக்குள்ளும் ஃபேனுக்குள்ளும் இருக்கிற பச்சை நிற சர்க்யூட் போர்டுகளைச் செய்வது. போர்டில் பாகங்களைப் பிடித்துவைக்க வெள்ளீயம் வேண்டும். அது கட்டிகளாக, பெட்டி பெட்டியாக வரும். ‘பார்’ என்பார்கள். ஒரு முழ நீளம், விரல் தடிமன், நகைக்கடை வெள்ளிகூட இத்தனை வெளுப்பாக இருக்காது. வந்த சரக்கை இறக்கி அடுக்குவதும் போர்டு தயாராகும் லைனுக்கு எடுத்துக் கொடுப்பதும் பாஞ்சாலியின் வேலை. அன்று வந்த பெட்டிகளை மட்டும் ராக்கில் ஏற்றவிடாமல், மூலையில் தரையில் மஞ்சள் கட்டம் போட்டிருந்த இடத்தில் வைக்கச் சொல்லி, நாலு கம்பம் நட்டுக் கயிறு கட்டிவிட்டார்கள்.

“இன்னா மேடம், சரக்கு கெட்டுப்பூட்ச்சா?” என்று பூர்ணிமாவைக் கேட்டாள். காஞ்சிபுரத்துப் பெண். கம்பெனிக்கு வரும் பொருளெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பதே அவள் வேலை. அப்படி ஒரு வேலை இருப்பது பாஞ்சாலிக்கு அதுவரை தெரியாது.

“நல்ல சரக்குதான் பாஞ்சாலிக்கா. டெஸ்ட்ல ஒரு குறையும் இல்ல. இந்த ஈயத்தை எந்தச் சுரங்கத்துல தோண்டினாங்க, எந்த உலையில உருக்கினாங்கன்னு அனுப்பினவங்க இன்னும் சொல்லல. அதான்.”

“அதுக்காவா நிறுத்தி வெச்சிருக்கீங்க?”

“அதுக்குத்தான். சில ஊர்ல துப்பாக்கி வெச்சிருக்கறவன்தான் சுரங்கத்துக்கு முதலாளி. ஜனங்களைக் குழிக்குள்ள இறக்கி மண்ணை வாரவெச்சு, அதை வித்து மறுபடியும் துப்பாக்கி வாங்குவான். அந்த மண்ணுல வந்த ஈயமும் இதே மாதிரிதான் பளபளன்னு இருக்கும்.”

“அப்போ இது அந்த ஈயமா?”

“தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியற வரைக்கும் கயித்துக்குள்ளயே இருக்கட்டும்.”

ஸ்டோர்ஸில் கூட வேலை செய்த இசக்கியப்பன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆலங்குளம் பக்கத்துக்காரன். சேரப்பணஞ்சேரியில் பாஞ்சாலியின் தெருவிலேயே ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். “கம்பெனிக்கு இம்புட்டு எரக்கமா மேடம்? டீ டைம்ல ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா எங்கள அந்த ஏச்சு ஏசுதாவள?”

பூர்ணிமா சிரித்துவிட்டாள். “நம்மகிட்ட போர்டு வாங்கறவங்க கேக்கறாங்க இசக்கி. யாராவது கேட்டாத்தான் எதுவும் நடக்கும்.” பிறகு போனில் ஒரு படத்தைக் காட்டினாள். சிவந்த மண்மேடு. அதில் எலிவளை மாதிரி ஏகப்பட்ட குழிகள். முன்னால் ஒரு சாக்கு மூட்டை. அதன் வாயில் ஒரு கை, எண் போட்ட சின்ன அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தது. முகம் தெரியவில்லை. நகக்கண்ணெல்லாம் செம்மண் ஏறின கை மட்டும்தான்.

“இது முறையா நடக்கற இடம். எந்தக் குழியில வந்ததுன்னு மூட்டைக்கு மூட்டை கட்டுவாங்க. உலை வரைக்கும் அந்த அட்டை கூடவே போகும்.”

“உருக்கினப்புறம்?”

“உருக்கிட்டா அவ்வளவுதான். மண்ணா இருக்கறப்ப எந்த மலை மண்ணுன்னு கண்டுபிடிக்கலாம். ஈயமாயிட்டா அதுக்கு ஊரு மறந்துடும்.”

பூர்ணிமா போன பிறகும் பாஞ்சாலி கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றாள். இசக்கியப்பன் ராக்கிலிருந்து முன்னே வந்த லாட்டின் பார் ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து மெல்ல மடக்கினான். உள்ளேயிருந்து முறுமுறுவென்று ஒரு சத்தம் வந்தது.

“கேட்டியளாக்கா? அழுவுது.”

“வெய்டா அத.” அதட்டிவிட்டு வாங்கிக் காதருகே வைத்து அவளும் ஒரு தடவை மடக்கிப் பார்த்தாள். மயிர்க்கால் சிலிர்த்தது. இரண்டு வருஷமாக இதைத் தூக்கி அடுக்குகிறாள். இதற்கு ஒரு சத்தம் உண்டு என்று தெரியாமலேயே. பூமிக்கு அந்தப் பக்கம் யாரோ குழிக்குள் இறங்கியிருக்கிறான். அவன் வாரின மண் மூட்டையாகி, உலையில் வெந்து, கப்பலேறி, இந்த ஒரகடத்துக்கு வந்து அவள் கையில் முனகுகிறது. அவன் எப்படி இறங்கினான், தானாகவா, யாராவது முதுகில் துப்பாக்கியை வைத்தா என்று இங்கே ஏசி ரூமில் ஒரு பெண் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். தெரியாது என்ற ஒரு சொல்லுக்காக இத்தனை சரக்கு கயிற்றுக்குள் கிடக்கிறது.

இப்படியெல்லாம்கூட உலகத்தில் கேட்பார்களா?

அவள் புருஷன் வெங்கடேசனுக்காக யாரும் கேட்கவில்லை. அவன் கல்குவாரியில் வேலை பார்த்தவன். மூன்று வருஷத்துக்கு முன், மழை விட்டும் விடாத ஒரு ஐப்பசி மாதத்தில், வெட்டின பாறைமுகம் சரிந்து அவன்மேல் விழுந்தது. அவனை எடுக்கும்வரை பாஞ்சாலி குவாரி விளிம்பில் நின்றிருந்தாள். எடுத்து ஆம்புலன்சில் ஏற்றின கொஞ்ச நேரத்துக்கெல்லாம், காத்துக்கொண்டிருந்த லாரிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அவன்மேல் விழுந்த கல்லையும் சேர்த்துத்தான் அள்ளின. அது ஜல்லியாகி எங்கே போயிற்று என்று கேட்க அவளுக்கு அன்று தோன்றவில்லை. நாலைந்து மாதம் கழித்து சேரப்பணஞ்சேரிக்குப் புது ரோடு வந்தது. அப்போதுதான் தோன்றிற்று. இதில் எந்தக் கல்? யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து அவள் ரோட்டின் மேல் நடப்பதில்லை. கம்பெனி பஸ் நிற்கும் இடம்வரை மண் ஓரத்திலேயே போவாள், மழை பெய்தால் சேற்றிலேயே.

“யக்கா, ரோடு என்ன ஒங்க மாமியாரா? இப்பிடித் தள்ளித் தள்ளி நடக்கிய?” என்று இசக்கியப்பன் கேலி செய்வான். அவள் காரணம் சொன்னதில்லை.

ஆயுத பூஜை லீவுக்கு முந்தின நாள் எந்தக் கம்பெனியிலும் வேலை நடக்காது, கழுவல்தான் நடக்கும். லைனை நிறுத்திவிட்டார்கள். வாசலில் டிரைவர்கள் பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். ஈயம் உருக்கும் மெஷினின் தொட்டியில் இருந்த பழைய ஈயத்தை வடித்துத் தட்டுகளில் ஊற்றி ஆறவைத்துவிட்டு, தொட்டியைச் சுரண்டித் துடைத்திருந்தார்கள். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பூஜையில் வைத்த புது பார்களைத்தான் விஜயதசமி காலையில் காலித் தொட்டியில் போட வேண்டும். முதல் பாரை ஃபேக்டரி ஹெட் விஜயராகவன் தன் கையால் வைப்பார்.

பாஞ்சாலியும் இசக்கியப்பனும் ஸ்டோர்ஸில் இருந்த அத்தனையையும் தரையில் இறக்கி, ராக்குகளுக்குச் சோப்புத் தண்ணீர் அடித்தார்கள். தண்ணீர் மூலை முடுக்கெல்லாம் ஓடி அட்டைப் பெட்டிகளை நனைத்தது. பிய்ந்த பெட்டிகளை வெளியே எறிந்துவிட்டு, உள்ளே இருந்த பார்களைத் துடைத்துத் துடைத்து ஒரு பக்கமாகக் குவித்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பொரி வாசனை வந்துவிட்டது. சூப்பர்வைசர் தேவநாதன் எட்டிப் பார்த்து, “போன வருஷம் லைன் பொண்ணுங்க பூவாலயே மயில் போட்டு அசத்திட்டாங்க. இந்த வாட்டி நம்ம ஸ்டோர்ஸ் மானத்தக் காப்பாத்தும்மா பாஞ்சாலி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கோபுரம் கட்டினாள். மணிமங்கலம் பெருமாள் கோயில் கோபுரத்தை மனசில் வைத்துக்கொண்டு, பார்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, நிலை நிலையாகக் குறுக்கிக்கொண்டே போனாள். மெஷின் பக்கத்தில் ஆளுயரத்துக்கு எழுந்து நின்றது. டியூப் லைட் வெளிச்சத்தில் அதைப் பார்த்த லைன் பெண்கள் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, உச்சியில் ஒரு எலுமிச்சம்பழம்.

“யம்மாடி! உண்டியல் ஒண்ணு வச்சா போதும்” என்றான் இசக்கியப்பன்.

“தோரணம் கட்டக் கயிறு இல்லயேடா.”

“இந்தாங்க, செவப்புக் கயிறு. மங்களமா இருக்கும்.”

மாவிலைகளை அதில் வரிசையாகச் செருகி மெஷின் நெற்றியில் கட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தாயிற்று. ஆளுக்கொரு பொரிப் பொட்டலத்தோடு எல்லாரும் பஸ் ஏறினார்கள்.

விஜயதசமி காலையில் லைன் ஆட்கள் எல்லாரும் மெஷின் முன்னால் கூடிக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலி கற்பூரத் தட்டைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். இரண்டு நாளில் மாவிலைகள் காய்ந்து சுருண்டிருந்தன. இலை சுருண்ட இடமெல்லாம் கயிறு தெரிந்தது. நல்ல சிவப்பு நைலான் கயிறு.

தட்டைக் கீழே வைத்தாள். விடுவிடுவென்று ஸ்டோர்ஸுக்குப் போனாள். மூலையில் மஞ்சள் கட்டம் பளிச்சென்று துடைத்துக் கிடந்தது. நாலு கம்பமும் நின்றன. நடுவே ஒன்றும் இல்லை.

“இசக்கி, அந்தக் கயிற எங்கருந்துடா எடுத்த?”

“அந்தா, அந்த மூலையில கெடந்துச்சுக்கா. தர தொடைக்கணும்னு நாந்தான் அவுத்தேன்…” சொல்லும்போதே அவன் வாய் நின்றுவிட்டது. “அய்யய்யோ.”

கயிற்றுக்குள் இருந்த பாரும் ராக்கில் இருந்த பாரும் ஒரே கோபுரத்தில் கலந்து நின்றன. ஒரே கம்பெனி முத்திரை, ஒரே நீளம், ஒரே பளபளப்பு. எது எது என்று சொல்லக்கூடியவை பெட்டிகள்தான். அவை குப்பை வண்டியில் போயாயிற்று.

தேவநாதனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் முகம் செத்துப்போயிற்று. அவளை ராக்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“வாய மூடு. ரெண்டும் ஒரே ஆள் அனுப்பின சரக்கு. பதில் நல்லபடியாத்தான் வரும்.”

“வரலன்னா சார்?”

“அதுக்குள்ள அது போர்டாயி, போர்டு மெஷினாயி, எவன் வூட்லயோ துணி தொவச்சிக்கினு இருக்கும். யாருக்கும்மா தெரியப்போவுது? இன்னிக்கு விஜயதசமி. இன்னிக்கு லைன் நின்னா வருஷம் பூரா நிக்கும்பாரு பெரியவரு. ஸ்டோர்ஸுக்கு நான் பொறுப்பு, என் தலைதான் மொதல்ல உருளும். அப்புறம் உன் கான்ட்ராக்ட்காரன்கிட்ட ஒரு வார்த்தை போதும், உனக்கு இந்த கேட் தொறக்காது. புரியுதா? கையக் கட்டிக்கினு நில்லு.”

அதட்டலாகத்தான் சொன்னார், ஆனால் கும்பிடாத குறை.

அவள் வந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். இந்த வேலை போனால் அடுத்தது கிடைக்க எத்தனை கேட்டில் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். விஜயராகவன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மணி அடித்தது. கற்பூரம் எரிந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் கோபுரத்தின் உச்சியிலிருந்து, எலுமிச்சையை நகர்த்தி, முதல் பாரை எடுத்து இரண்டு கையிலும் ஏந்தித் தொட்டியின் பக்கம் திரும்பினார்.

குவாரியில் இறங்கின லாரிகள்தான் பாஞ்சாலியின் கண்ணில் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், ஆம்புலன்சுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றுவிட்டுப் பிறகு இறங்கின லாரிகள். அன்றைக்கு அந்த விளிம்பில் நின்று அவள் ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம்.

“சார், அதப் போடாதீங்க!”

மணி அடித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். விஜயராகவன் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா?”

“அது எதுன்னு தெரியல சார்.”

“எதுன்னு தெரியலன்னா? ஈயம்தானே?”

பாஞ்சாலி கையை உயர்த்தித் தோரணத்தைக் காட்டினாள். கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. காய்ந்த மாவிலையைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பின்வரிசையில் நின்ற பூர்ணிமாவுக்குத் தெரிந்தது. கோபுரத்தைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், பாஞ்சாலியைப் பார்த்தாள்.

“எல்லாமே கலந்துடுச்சாக்கா?”

பாஞ்சாலி தலையை ஆட்டினாள்.

“சார், அதைக் கீழ வைங்க. நிறுத்தி வெச்ச லாட் இதுக்குள்ள இருக்கு.”

“பூர்ணிமா, நல்ல நேரம் போயிட்டிருக்கு. வேண்டாததைப் பிரிச்சு எடுத்துடுங்க.”

“பிரிக்க முடியாது சார். எந்த லேபுக்கு அனுப்பினாலும் ரெண்டும் ஒண்ணுதான்.”

“மடக்கிப் பாத்தா, அழுவுற சத்தத்துல வித்தியாசம்…” என்று இழுத்தான் இசக்கியப்பன்.

“எல்லாம் ஒரே மாதிரிதான் அழும் இசக்கி.”

தேவநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். விஜயராகவன் கையில் இருந்த பாரையே வெகுநேரம் பார்த்தார். அதன் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஆசாரம் பார்க்கிற மனுஷர்; முதல் காரியம் தடைப்படுவது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர் மெல்லத் திரும்பி, அந்தப் பாரை எடுத்த இடத்திலேயே, உச்சியில், சத்தம் வராமல் வைத்தார். வைத்துவிட்டு எலுமிச்சையையும் அதன்மேல் வைத்தார்.

“பழைய ஈயம் தட்டுல இருக்கில்ல? அதையே கொண்டாங்க. இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.”

கறுத்துப்போன பழைய பாளம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பூஜையில் வைக்காதது. பூர்ணிமாவே தட்டிலிருந்து குங்குமம் எடுத்து அதற்கு ஒரு பொட்டு வைத்தாள். ஃபேக்டரி ஹெட் அதைத் தொட்டியில் இறக்கினார். தோரணத்தை அவிழ்த்து, மாவிலைகளை உருவிவிட்டு, அந்தச் சிவப்புக் கயிற்றைக் கோபுரத்தைச் சுற்றிக் கட்டினார்கள். பக்கத்து லைன் ஆட்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். கட்டி முடிக்கும்வரை லைனில் இருந்த அத்தனை பேரும் சும்மா நின்றார்கள். ஒரு பெரிய கம்பெனி, விஜயதசமி காலையில், முகம் தெரியாத யாருக்காகவோ கை வேலையைக் கீழே வைத்துவிட்டு நிற்பதைப் பாஞ்சாலி பார்த்தாள்.

தேவநாதன் சொன்னபடி கேட் அவளுக்கு மூடவில்லை. ஆனால் அவளை ஸ்டோர்ஸிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். தேவநாதன் சிலநாள் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார், பிறகு ஒருநாள் கேன்டீனில், “சுண்டல்ல உப்பே இல்ல, பாத்தியா?” என்று தானாகவே பேசினார்.

கோபுரம் அப்படியே நின்றது. யாரும் தொடவில்லை. குங்குமம் மங்கி, எலுமிச்சை சுருங்கிக் கல்லாயிற்று. கார்த்திகை மழையில் ஒருநாள் பூர்ணிமா பேக்கிங்குக்கு வந்தாள். “பதில் வந்துடுச்சுக்கா. ஒரு பகுதிக்கு உலை பேரு சொல்லிட்டாங்க. மீதியைப் பழைய ஈயம் உருக்கினதுன்னு சொல்றாங்க. எங்க வாங்கின பழசுன்னு கேட்டா பதில் இல்ல. மொத்தத்தையும் திருப்பி அனுப்பறோம்.”

“நல்லதும் சேத்தா?”

“எது நல்லதுன்னு தெரியாதே.”

கட்டினவளே பிரிக்கட்டும் என்று அவளைத்தான் கூப்பிட்டார்கள். நிலை நிலையாக இறக்கி இசக்கியப்பனிடம் கொடுத்தாள். அவன் பெட்டியில் அடுக்கினான்.

“பொட்ட அழிக்கட்டாடா?”

“இருக்கட்டும்க்கா. அங்க போய்ச் சேந்ததும், ஏதோ சாமி வந்து எறங்கிருக்குன்னு அவனுவளாவது பயந்து உண்மையச் சொல்லுவானுவ.”

பூர்ணிமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாஞ்சாலி கேட்டாள், “இதெல்லாம் இனிமே எங்க மேடம் போவும்?”

“கேக்காத இடத்துக்குப் போகும்.” அவள் மறைக்கவில்லை.

அதற்குள் புது லாட் வந்திருந்தது, உலையின் பெயரும் தோண்டின ஊரின் பெயரும் சேர்ந்து. புது ஈயத்தைத் தொட்டியில் போட்ட அன்று, ஷிஃப்ட் முடிந்ததும் பாஞ்சாலி மெஷினின் கண்ணாடி வழியே பார்த்தாள். மேலே படிந்த சாம்பல் ஏட்டை ஆபரேட்டர் கரண்டியால் ஒதுக்கினதும், உள்ளே அசைவே இல்லாத ஒரு வெளிச்சம். அதில் டியூப் லைட் தெரிந்தது, ஆபரேட்டரின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது, அவள் முகம் தெரிந்தது. மலையைக் குடைந்து, கடலைத் தாண்டி வந்த ஒன்று, ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் தோண்டினவன் சாயங்காலம் வீட்டுக்குப் போனானா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். போனான் என்று யாரோ பதில் எழுதியிருக்கிறார்கள். அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அந்த ஊரு பேரு இன்னா சொன்னீங்க மேடம்?” என்று ஏசி ரூமுக்குப் போய்க் கேட்டாள். பூர்ணிமா இரண்டு தரம் சொல்லிக்கொடுத்தாள். வாயில் நுழையவில்லை. பஸ் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சேரப்பணஞ்சேரியில் இறங்கும்போது ஒருமாதிரி பிடிபட்டுவிட்டது.

மழை விட்டிருந்தது. தார் ரோடு விளக்கொளியில் மினுமினுத்தது. இசக்கியப்பன் அதன் நடுவே விசிலடித்துக்கொண்டு நடந்தான். பாஞ்சாலி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, சேற்று ஓரத்தில் இறங்கினாள்.